மை படாத இடம்

அந்த இடத்தைத் தேவமலர் வெள்ளையாக விட்டிருக்கவில்லை.

ஜப்பானிய மையில் இரவை வரைய, மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு இழைத்து, மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காயக் காய, தாளின்மேல் இருட்டை ஏற்றிக்கொண்டே போகவேண்டும். வெளிச்சம் என்பது மை தொடாத வெறும் தாள். அவள் நிலாவுக்கு மட்டும்தான் இடம் விட்டிருந்தாள். இப்போது அவள் வரைந்த உம்பாய்க் கடலின் நடுவில் அரிசியளவு இன்னொரு வெள்ளை.

"என்னங்க, என் படத்துல கை வச்சீங்களா?"

செங் வட்டாரத் தொழிற்சாலையின் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் புவனேஷ் சிரித்தான். "கரி புடிச்ச சட்டி மாதிரி இருக்கு. அத யாரு லா தொடுவா?"

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் மாமனார் வீராசாமியின் அஸ்தியை அதே கடலில் கரைத்துவிட்டு வந்தபோது, திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். அவள் பார்த்தாள். அலை மடியும் இடத்தில் நிழல் எப்படி விழுகிறதென்று, படத்துக்காக, ஒரே கணம். புவனேஷ் கவனித்திருப்பான். அதற்குத்தான் இப்படிப் பயமுறுத்துகிறான்.

மறுநாள் அந்த வெள்ளைக்குத் தலையும் தோளும் இருந்தன. கரைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. வெள்ளைச் சாயம் தடவியிருக்கிறானோ என்று நகத்தால் சுரண்டினாள். சாயம் இல்லை. நார் நாராக வெறும் தாள். ஊறிய மையைத் தாளிலிருந்து யாரால் எடுக்கமுடியும்?

படத்தை அலமாரியில் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். நாளைக்கும் அப்படியே இருந்தால், செய்தது அவன்தான். மாறியிருந்தால்... அதை அவள் நினைக்கவில்லை.

அடுத்த மாலை அவன் மோட்டாரின் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தபின் அலமாரியைத் திறந்தாள். நிலா இருந்தது. கடல் முழுக்கக் கறுப்பு. ஆள் இல்லை. தாளின் கீழ் விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தது.

கைப்பேசி அடித்தது. புவனேஷ்.

"மலர், கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு கடல்ல நீ திரும்பிப் பாத்தியா?"

அப்படியானால், அவள் திரும்பியதை அவன் பார்க்கவே இல்லை.

"ஏங்க?"

"கனவுல அப்பா வந்தாரு. மருமக கூப்டுச்சு, போயிட்டு வரேன்னாரு."

உப்பு வாடை. நனைந்த சாம்பல் வாடை. அவள் விளக்கைப் போட்டிருக்கவில்லை. கூடம் இருண்டுகொண்டு வந்தது. சுவர். நாற்காலி. பூட்டிய கதவு. ஒவ்வொன்றாக, பூச்சுப் பூச்சாக.

கதவோரம், ஓர் ஆள் உயரத்துக்கு, ஓரிடத்தில் மட்டும் இருட்டு படியவில்லை.