மூன்று தட்டு

மூன்றாவது மாதிரி எடுப்பதற்காகக் கலக்கியை நிறுத்தியபோது, மூடிய கலனுக்குள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது.

இரும்பு ஆறும்போது முனகும். ஆனால் கலன் ஆறவில்லை, நானூறு டிகிரியில் இருந்தது. தண்ணீர்ச் செம்பைவிடப் பெரிதில்லாத அந்த எஃகுக் கலனில்தான் பதினோரு வருடமாகத் தார் போன்ற கச்சா எண்ணெயைக் காய்ச்சி, வினையூக்கி மணிகள் அதை எத்தனை வேகத்தில் இளக்குகின்றன என்று அவள் அளந்துவந்தாள். அதற்குள் தட்ட ஆள் ஏது?

"அண்ணே, ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"உன் பெருமூச்சுதான் கேக்குது" என்றார் ஃபிட்டர், கருவிப்பையைக் கட்டியபடியே. "லீவு நாள்லயும் இதோட மல்லுக்கட்டணுமா? வீட்டுக்குப் போம்மா. உன் முகம் அந்த எண்ணெயைவிடச் சுண்டிப்போயிருக்கு."

"இன்னும் ரெண்டு பாட்டில்தாண்ணே."

அவர் போன பிறகு விசிறியின் இரைச்சலும் கந்தக நெடியும் மட்டும் மிஞ்சின.

நாற்பது நாளுக்கு முன், ஆலையின் பெரிய கலனில் இருந்த மணிகள் வேகம் இழந்துவிட்டன, மாற்றிவிடுங்கள் என்று எழுதிக்கொடுத்தவள் அவள். மாற்ற இறங்கியவன் அவள் தம்பி. உள்ளே காற்று கிடையாது. மணிகள் தீப்பிடிக்காமலிருக்க நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். முகமூடிக்கு ஒரு காற்றுக்குழாய், இடுப்பில் மஞ்சள் கயிறு. அவன் பாதி ஆழம் இறங்கியபோது, சுவரில் ஒட்டியிருந்த மணிகள் அவன்மேல் சரிந்தன. குழாய் நசுங்கிப்போனது.

அவன் உடலை எடுத்த பிறகுதான் தன் பழைய குறிப்பேட்டைப் புரட்டினாள். அந்த மணிகளை இந்தச் சின்னக் கலனில் சோதித்தபோது, எண்ணெய்க்குள் இருந்த வெப்பமானியைப் பார்க்காமல், கலனின் சுவரில் இருந்ததைப் பார்த்து எழுதியிருந்தாள். சுவர் எப்போதும் இருபது டிகிரி கூடக் காட்டும். சூடு குறைந்த எண்ணெய் மெதுவாகத்தான் இளகும். அப்படியானால் பழுது மணிகளிலா, அவள் கண்ணிலா?

அதே மணிகள். இன்று சரியான சூடு. எண்ணெய் கெட்டியாகவே இருந்துவிட்டால் போதும், அவள் கணக்கு சரி. அவனை அனுப்பியது அவளில்லை.

நான்காவது பாட்டிலைச் சாய்த்தாள். தேன்போல இறங்கியது.

"இளகாதே" என்றாள். "உன் காலைப் பிடிக்கிறேன். இளகாதே."

ஐந்தாவதைச் சாய்க்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீராய்த் தளும்பியது. புது மணிகளின் வேகம். அவன் இறங்கியிருக்கவே வேண்டாம்.

உள்ளே இரண்டு தட்டு.

தம்பி ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தட்டிக் காட்டியிருந்தான். "ஒண்ணு தட்டினா நல்லா இருக்கேன். ரெண்டுன்னா காத்து குறையுது. மூணு தட்டினா தூக்கிடணும்க்கா. எனக்குச் சோறு வைக்க மறந்தாலும் இதை மறந்துடாதே." அவள் சிரித்துக்கொண்டே, "உன்னை யாருடா தூக்குறது, எருமை மாதிரி இருக்க" என்றிருந்தாள்.

ஹீட்டரை அணைத்தாள். ஆற ஆறு மணி நேரமாகும். அதுவரை திறக்கக் கூடாது. திறந்தால் முகமே இருக்காது.

தட்டு.

தட்டு.

மூன்றாவதற்கு அவள் காத்திருக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துவிட்டாள். அந்தத் தட்டு கேட்டபோது கை முதல் போல்ட்டில் இருந்தது. அழுத்தமானியைப் பார்க்கவில்லை. எட்டு போல்ட். கொதிக்க வேண்டிய இரும்பு பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

"வந்துட்டேன்டா. அக்கா வந்துட்டேன்."

மூடி விலகியது. எண்ணெய் இல்லை. விளிம்புவரை கறுத்த மணிகள். நடுவே ஒரு மஞ்சள் நுனி.

இழுத்தாள்.

வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். செம்பளவு கலனுக்குள்ளிருந்து முழம் முழமாய், கரி பூசிய கயிறு அவள் காலடியில் சுருண்டது. முழங்கால்வரை குவிந்தது. பிறகு கனத்தது. ஓர் ஆளின் கனம். உள்ளங்கை கிழிந்தும் அவள் விடவில்லை.

மணிகள் மெல்ல ஏறி இறங்கின.

அவற்றை விலக்கிக்கொண்டு கையுறை போட்ட நான்கு விரல்கள் வெளியே வந்தன. ஓர் உள்ளங்கைகூட நுழையாத அந்த விளிம்பைப் பற்றிக்கொண்டு, மேலே வர முயன்றன.