செம்புப் பட்டையும் பல் டாக்டரும்

“உங்க வீட்டுல விளக்கே எரியலைங்க!”

அட்டை ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன், சட்டைக்குள்ளிருந்து ஒரு வாழ்த்து அட்டையை எடுத்து அவள் மேஜையில் விரித்தான். காகித வீடு ஒன்று எழுந்து நின்றது. ஜன்னல்களில் எரிய வேண்டிய குட்டி விளக்குகள்தான் எரியவில்லை. அவள் செய்த அட்டை.

கண்களா அவை... நீர் சொட்டும் இமைகளுக்குள் சிரிப்பை ஒளித்து வைத்திருந்தான். பார்க்காதே என்றாள் மனசிடம். கேட்டால்தானே!

“மெதுவாப் பேசுங்க,” என்று பல்லைக் கடித்தாள்.

“கடிக்காதீங்க, தேஞ்சிடும். நான் பல் டாக்டர்.”

அது அண்ணனின் அச்சகம். அட்டை செய்து விற்க ஜன்னலோர மேஜையைக் கொடுத்தபோதே, “ஒரு புகார் வந்தாலும் இந்த விளையாட்டை மூட்டை கட்டிடணும்” என்று கறாராகச் சொல்லியிருந்தான்.

புது பட்டன் பேட்டரியைச் செருகினாள். ஜன்னல்கள் பளிச்சென்று எரிந்தன.

“பாருங்க! நீங்கதான் திறந்தே போட்டிருப்பீங்க.”

“மூடித்தாங்க வச்சிருந்தேன். அம்மா பிறந்தநாளுக்கு ஆசையா வாங்கினது.”

மூடியா? சுருக்கென்றது அவளுக்கு. அட்டையை மெல்ல மூடி இடுக்கில் எட்டிப் பார்த்தாள். மின்சாரம் ஓடும் செம்புப் பட்டைகளில் இந்தப் பக்கத்துப் பட்டை அந்தப் பக்கத்துப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு துண்டு டேப் ஒட்ட மறந்திருக்கிறாள்... மூடிய அட்டைக்குள்ளேயே பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. அந்த வாரம் விற்ற அத்தனையிலும் இதே கதைதான்.

“என்ன, புகாரா?” அண்ணன் வந்து நின்றான்.

“இல்லைங்க, நான்தான் கீழே போட்டு...” என்று இழுத்தான் பல் டாக்டர்.

“எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்.” அவள் எழுந்தாள். “தப்பு என்னோடதுதான், அண்ணா.”

“அப்போ மேஜையைக் காலி பண்ணு.”

“மாட்டேன். போன மாசம் நீ பக்கத்தைத் தலைகீழா அடிச்சியே, மிஷினைத் தெருவுலயா தூக்கிப் போட்டே? மறுபடி அடிச்சுக் கொடுத்தே இல்ல? நானும் எல்லாத்தையும் வாங்கிச் சரி பண்ணிக் கொடுப்பேன்.”

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே மிஷின் பக்கம் போனான்.

அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கூடவே, கூப்பிடாமலே, சாயங்காலம் தோறும் பல் டாக்டரும் வந்தான். அவள் டேப் வெட்டினாள், அவன் ஒட்டினான்.

“கோணலா இருக்கு!”

“பல்லா இருந்தா கம்பி போட்டு நேராக்கிடுவேன்...”

இரக்கப்பட்டு வருகிறானோ என்று நினைத்தால் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் வராத ஒரு நாள், வாசலையே பார்த்துக்கொண்டிருந்த தன் மேலேயே கோபம் வந்தது.

கடைசி அட்டையையும் சரிசெய்து முடித்த மாலை, அண்ணன் மறுபடி வந்தான்.

“வேலைதான் முடிஞ்சுதே, டாக்டருக்கு இங்கே இன்னும் என்ன? நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க. மேஜை வேணும்னா இவர் இனிமே வரக் கூடாது.”

டாக்டர் எழுந்தான்.

“உட்காருங்க!” என்று அதட்டினாள். அண்ணன் பக்கம் திரும்பினாள். “மேஜையும் இங்கேதான் இருக்கும், இவரும் வருவார். இவரை எனக்குப் பிடிச்சிருக்கு, அண்ணா. இன்னும் இவர்கிட்டயே சொல்லலை. ரெண்டு பேரும் இருக்கீங்க... ஒரே தடவையாக் கேட்டுக்கோங்க.”

ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவன், தன் வாயை மூட மறந்து நின்றான். அண்ணன் அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். அப்புறம் டாக்டர் மேல்தான் பாய்ந்தான்.

“என்னங்க முழிக்கிறீங்க? என் தங்கச்சி இவ்வளவு தூரம் சொல்றா... பதில் சொல்லுங்க!”

“முதல் நாளே பிடிச்சுப் போச்சுங்க,” என்றான் அவன், அவளை மட்டும் பார்த்து. “திட்டணும்னுதான் வந்தேன்... முடியலை.”