அறுபத்தொரு சதவீதம்

காலை எட்டு மணிக்கு, தண்ணீர் பாட்டிலுக்கு இதயம் நன்றாக இருப்பதாக அறிக்கை வந்தது.

தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன்னால், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். இயந்திரம் ஒழுங்காக இருந்தால் தண்ணீர் ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரியும், அவ்வளவுதான் சோதனை. அன்றைக்கு டெக்னீஷியன் முந்தின நாள் கடைசியாக ஓடிய இதய ஸ்கேன் அமைப்பை மாற்ற மறந்து, அதிலேயே பாட்டிலை எடுத்துவிட்டார். எதைக் கேட்டாலும் ‘அரை நிமிஷம்’ என்று பதில் சொல்பவர் என்பதால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவருடைய சொந்தப் பெயர் போய் அரைநிமிஷம் ஆகியிருந்தார்.

“டாக்டர், பாட்டிலுக்கு ஒண்ணும் இல்லையாம். அறுபத்தொரு சதவீதம். வீட்டுக்கு அனுப்பிடலாமா?” என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டாள். இதயப் படங்களைப் பார்த்து முடிவு சொல்வது அவள் வேலை. ஒரு துடிப்பில் இதயம் தனக்குள் இருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்தச் சதவீதம். அறுபதை ஒட்டி இருந்தால் கவலையில்லை. எட்டு மாதங்களுக்கு முன்புவரை அவளே ஒவ்வொரு படத்திலும் இதயச் சுவரின்மேல் கோடு இழுத்துக் கணக்குப் போட்டாள். பிறகு செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்தது. முக்கால் மணி நேர ஸ்கேன் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது, அறிக்கையும் தானே எழுதிக்கொண்டு வந்து நின்றது. நிர்வாகம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அதன் மீது குறை சொல்ல யாருக்கும் தைரியமில்லை என்பதால் கீழ்த்தளத்து ஆட்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள்.

மாப்பிள்ளைக்கும் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, வேடிக்கை பார்க்கிற மனநிலையில்தான் அவள் பாட்டிலின் படத்தைத் திறந்தாள்.

படம் பார்க்கிற அந்த அறையில் எப்போதும் விளக்கு எரியாது. கீழ்த்தளத்தில் ஜன்னலும் கிடையாது. காலை எட்டானாலும் மதியம் இரண்டானாலும் இரண்டு திரைகளின் வெளிச்சம்தான். ஏ.சி.யின் ஒரே சுருதியான இரைச்சல், கிருமிநாசினியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை, சுவருக்கு அந்தப் பக்கம் காந்தத்தைக் குளிரவைக்கும் பம்பு விடாமல் போடும் சக்... சக்... சத்தம். பதினொரு வருடமாகப் பழகிய சத்தம் என்பதால் அது அவள் காதில் விழுவதேயில்லை. அன்றைக்கு விழுந்தது.

திரையில் பாட்டிலின் வட்டம் தெரிந்தது. அதற்குள் சாம்பல் நிறத் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே ஒரு இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

குழப்பமான நிழல் என்றால் பரவாயில்லை. இது தெளிவாக இருந்தது. இரண்டு அறைகள், நடுச்சுவர், மெல்லத் திறந்து மூடும் வால்வு. சுருங்கியது. விரிந்தது. இடப்பக்க அறையின் அடிச்சுவரில், நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல ஒரு சின்னப் பள்ளம்.

அந்தப் பள்ளம் அவளுக்குத் தெரியும். அது அவளுடையது.

மாப்பிள்ளை வந்து இறங்கிய வாரத்தில், பழகிப்பார்க்க ஆரோக்கியமான ஒரு ஆள் வேண்டுமென்று அதை விற்ற கம்பெனிக்காரர் கேட்டார். புது இயந்திரம் வந்தால் ஊழியர்களே மாறி மாறி உள்ளே படுத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். ஆனால் அந்த வாரம் நர்ஸுக்குக் குழாய்க்குள் படுத்தால் மூச்சு முட்டியது, அரைநிமிஷத்துக்கு அரை நிமிடம்கூட ஓய்வில்லை, ஆகவே அவளே படுத்தாள். ஒரு முறை இல்லை, பத்தொன்பது முறை. ஒவ்வொரு முறையும் ‘இதுதான் நல்ல இதயம்’ என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பள்ளம் பிறவியிலேயே வந்தது, ஒரு தொந்தரவும் செய்யாதது என்று அவளே கம்பெனிக்காரருக்கு விளக்கினாள்.

இப்போது அது தண்ணீர் பாட்டிலுக்குள் இருந்தது.

அவள் நேற்றைய பட்டியலைத் திறந்தாள். எழுபத்தொரு வயதுப் பெரியவர், இரண்டு முறை மாரடைப்பு வந்தவர். அறுபத்தொரு சதவீதம். படத்தைத் திறந்தாள். பள்ளம் இருந்தது. அடுத்தது ஒரு லாரி டிரைவர், மூச்சிரைப்பு என்று வந்தவர். பள்ளம். பிரசவமாகி ஒரு மாதமான பெண். பள்ளம். போன வாரம், போன மாதம், அதற்கு முந்தின மாதம். ஒவ்வொன்றாகத் திறந்தாள். பெயர் வேறு, வயது வேறு, விலா எலும்பும் முதுகெலும்பும் வேறு வேறு. நடுவில் துடித்தது மட்டும் ஒன்றே.

ஒவ்வொரு அறிக்கைக்கும் கீழே ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான். ஒவ்வொன்றையும் அழுத்தியது அவள். முதல் மாதம் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு அழுத்தினாள். எல்லாம் சரியாகவே இருந்தன. இரண்டாம் மாதத்திலிருந்து எண் அறுபதை ஒட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். ஒரு நாளைக்கு முப்பது பேர், யார்தான் திறப்பார்கள்?

ஒரே ஒருவருடைய படத்தை மட்டும் அவள் முழுதாகத் திறந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். தம்பியுடையது.

அவன் நீச்சல் சொல்லிக்கொடுப்பவன். மூன்று வாரங்களுக்கு முன்பு குளத்தின் படிக்கட்டில் கண் இருட்டிச் சாய்ந்தான். அவர்களுடைய அப்பா முப்பத்தொன்பது வயதில், ஷேவ் செய்துகொண்டே கண்ணாடி முன் சரிந்தவர். தம்பிக்கு அடுத்த மாதம் முப்பத்தொன்பது. அன்றைக்கு அவளே அவனை உள்ளே படுக்கவைத்தாள். திரையில் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும், ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே அடையாளம் என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. “உன் இதயம் என் இதயம் மாதிரியேடா. ஒரு குறையும் இல்ல, பயப்படாம தண்ணியில இறங்கு,” என்று சொல்லி அனுப்பினாள்.

கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். குரலைக் கட்டுப்படுத்தி விஷயத்தைச் சொன்னாள்.

“அது பிழை இல்ல மேடம்,” என்றார் அவர் சாவகாசமாக. “ஸ்கேன் சீக்கிரம் முடியணும்னா முழுசா எடுக்க முடியாது. ஆறுல ஒரு பங்குதான் நிஜமா எடுக்கறது. மிச்சத்த அதுக்குத் தெரிஞ்சத வச்சு நிரப்பிக்கும். நீங்க ஒரு தடவைகூட தப்புன்னு சொல்லலயே.”

அவள் போனை வைத்தாள். மாப்பிள்ளை நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டது. எட்டு மாதமும் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளுக்குப் பிடித்ததை மட்டும் காட்டி, அவள் கையாலேயே அறுத்திருக்கிறது. அவமானத்தில் அவளுக்குக் காது சூடேறியது.

தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. காலை வகுப்பு நேரம், தண்ணீரில் இருப்பான். ஏழாவது முறை எடுத்தான்.

“என்னக்கா, ஏதாவது கடன்காரன்னு நெனச்சேன், இப்படி விடாம அடிக்கற.”

“உடனே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வா. நீ ஓட்டாத, யாரையாவது கொண்டுவந்து விடச் சொல்லு.”

“என்னாச்சு?”

“படம் சரியா விழல. இன்னொரு தடவ எடுக்கணும்.”

“நீதான எல்லாம் நல்லா இருக்குன்ன?”

“சொன்னேன்டா. வா,” என்றாள்.

அரை மணி நேரத்தில் ஈரத்தலையோடு வந்து நின்றான். உடம்பெல்லாம் குளோரின் வாடை. உதடுகள் லேசாக நீலம் பாய்ந்திருந்தன. காலையிலிருந்து தண்ணீரில் கிடந்தேன், குளிருது, அவ்வளவுதான் என்றான். அவள் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது.

“உன் முகத்தப் பாத்தாலே எனக்கு அட்டாக் வந்துடும்போல இருக்கு,” என்று சிரித்தான்.

“வாய வச்சுக்கிட்டு சும்மா படு.”

மற்ற நோயாளிகளை மேலேயே நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, மேலே இருந்த இதய டாக்டருக்கும் ஆள் அனுப்பினாள். அரைநிமிஷத்திடம், மாப்பிள்ளையை முழுதாக அணைத்துவிட்டுப் பழைய முறையில் எடுக்கச் சொன்னாள்.

“அரை நிமிஷம்,” என்றவர், மூன்று முறை எதையோ அழுத்தினார். “அணைச்சாச்சு டாக்டர்.”

வலது திரை கறுத்தது. இடது திரையில் பழைய முறைப் படம் வரிவரியாக வர ஆரம்பித்தது. இயந்திரம் தட்டியது, உறுமியது, கொஞ்சம் நின்று மறுபடி தட்டியது. இருட்டில் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். படம் புள்ளிபுள்ளியாக, கலங்கலாக, அழகில்லாமல் வந்தது. நிஜமான படம் அப்படித்தான் இருக்கும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

முதலில் விலா எலும்புகள். பிறகு நுரையீரலின் கறுப்பு. பிறகு தம்பியின் இதயம்.

நெஞ்சில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. சுவர் காகிதமாக மெலிந்திருந்தது. சுருங்கவில்லை, ஓரத்தில் மட்டும் லேசாகத் துள்ளியது. இருபது சதவீதம்கூடத் தேறாது. பள்ளம் ஏதும் இல்லை.

இந்த இதயத்தைத்தான் அவள் தண்ணீரில் இறங்கச் சொன்னாள்.

“அக்கா,” என்றது ஸ்பீக்கரில் தம்பியின் குரல். “எல்லாம் சரியா இருக்கா?”

அவள் மைக் பொத்தானை அழுத்தினாள். “அசையாம இரு. இதோ முடிஞ்சிடும்.”

“உண்மையச் சொல்லு.”

வலது திரை தானாக விழித்துக்கொண்டது.

“அணைச்சேன்னீங்களே,” என்றாள்.

“அணைச்சேன் டாக்டர். ஒயரையே பிடுங்கிட்டேன்.” அரைநிமிஷம் கையில் இருந்த ஒயரைத் தூக்கிக் காட்டினார்.

வலது திரையில் தம்பியின் பெயர். அதற்குக் கீழே பளிச்சென்ற படம். ஒரு புள்ளி கலங்கல் இல்லை. சுருங்கியது. விரிந்தது. பள்ளம். அறுபத்தொரு சதவீதம்.

இடது திரையில் துள்ளல் நின்றது. சுவர் முழுக்கப் புழுப்போல நெளிந்தது. பிறகு நெளியவும் இல்லை.

அரைநிமிஷம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அவளும் ஓடினாள். காந்தம் இருக்கும் அறைக்குள் உயிர்காக்கும் கருவி எதையும் கொண்டுபோக முடியாது; ஆளைத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். படுக்கையோடு இழுத்தார்கள். கதவு நிலையில் சக்கரம் இடித்தது. நடைபாதையில் நிறுத்தி அவள் அவன் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். எண்ணினாள். அழுத்தினாள். ஈரத்தலை ஆடியது. மேலிருந்து ஆட்கள் வந்தார்கள். மின்சார அதிர்ச்சி. மறுபடி. மறுபடி. யாரோ அவளைத் தோளைப் பிடித்து விலக்கினார்கள். வேறு யாரோ அழுத்தினார்கள்.

நாற்பது நிமிடம். இதய டாக்டர் கையுறையைக் கழற்றினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

அவனை மேலே கொண்டுபோனார்கள். கூடவே போகத்தான் அவள் எழுந்தாள். கால்கள் இருட்டறைக்குள் போயின. ஆளில்லை. இடது திரையில் வெறும் கறுப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய் காலியாக இருந்தது.

வலது திரையில் தம்பியின் பெயர். தம்பியின் தோள்கள். தம்பியின் விலா எலும்புகள். நடுவில் அது துடித்துக்கொண்டிருந்தது.

முன்பு நிதானமாகத் துடித்தது. இப்போது வேகமாக. மிக வேகமாக. அவள் தன் மணிக்கட்டில் விரலை வைத்தாள். ஒன்று. ஒன்று. இரண்டு. இரண்டு. ஒரு துடிப்புகூட முன்னே பின்னே இல்லை.

மூச்சை இழுத்து நிறுத்தினாள். திரையில் தம்பியின் விலா எலும்புகள் உயர்ந்து அப்படியே நின்றன. அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அழுகை பீறிட்டு வந்தது.

திரையில் தம்பியின் நெஞ்சு விம்மி விம்மி அடங்கியது.