கட்டிலடியில் இருந்த பிலிம்

பிரிக்காத பெட்டியிலிருந்து எடுத்த பிலிமில் கறை இருந்தது. கேமராவுக்குள்ளேயே போகாத பிலிம் தாள் அது. கழுவினால் கண்ணாடி போல வெளுத்து வர வேண்டும். தட்டிலிருந்து தூக்கியபோது நடுவில், மிளகளவில், ஒரு கருவட்டம். சுற்றிலும் மங்கலான சாம்பல்.

கரீன் காரைக்கால் வெயிலைத் திட்டினாள். உப்புக் காற்று கதவுக் கீலையே தின்கிற ஊர், பிலிமை விட்டுவைக்குமா? அதற்காகத்தானே பெட்டியை ஏ.சி. ஓடும் ஒரே அறையில், மகள் ஆன்-லோரின் கட்டிலடியில் வைத்திருந்தாள். மகளுக்கு மூன்று வயது. கணவன் ஃபிரான்க் பாரிஸில் வேலை பார்த்தான். பகலில் சலோமி வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள்.

குளியலறைதான் இருட்டறை. சிவப்பு விளக்கு, புளித்த மருந்து நெடி, குழாய் சொட்டுகிற சத்தம், வெளியே எங்கோ மீன்காரரின் வண்டி ஹாரன் தேய்ந்துகொண்டே போவது. இன்னொரு தாளைக் கழுவினாள். அதிலும் அதே வட்டம், சற்றுத் தள்ளி. வெயில் இப்படி வட்டம் போடாது. மூடிய பெட்டிக்குள்ளும் புகுந்து பிலிமைக் கருக்குவது கதிர்வீச்சுதான்.

எட்டு மாதத்துக்கு முன் கசகஸ்தான் போயிருந்தாள். அணுகுண்டு வெடித்துப் பார்த்த பொட்டல்வெளிக்கு இப்போது டூர் அழைத்துப் போகிறார்கள். கூட வந்தவர்கள் முகமூடியோடு செல்பி எடுத்துத் தள்ளினார்கள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது. இவள் சுவரைச் சுவராகவும் புல்லைப் புல்லாகவும் எடுத்தாள். புதுச்சேரிக் கண்காட்சியில் படங்களுக்குக் கீழே எழுதியும் வைத்தாள்: 'எதையும் மாற்றவில்லை. எதையும் எடுத்து வரவில்லை.'

இரண்டாவது வரி பொய். குண்டுச் சூட்டில் மண் உருகி உறைந்த கருங்கண்ணாடி மணி ஒன்றை, வழிகாட்டி தடுத்தும், நெருக்கத்தில் படமெடுக்கலாமென்று பையில் போட்டிருந்தாள். ஊருக்கு வந்து தேடியபோது இல்லை. தொலைந்தது சனியன் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

கறை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்த வேறு தாள்களைக் கருப்பு உறைகளில் போட்டு கேமரா பைக்குள், ஷூ அலமாரியில், கூடத்தில், அடுப்படியில், மகளின் மெத்தைக்கடியில் என்று வைத்தாள். இரண்டு நாள் கழித்துக் கழுவினாள். நான்கு வெளுப்பு. மெத்தைக்கடியில் இருந்தது மட்டும் கரி.

"சலோமி அக்கா, என் கேமரா பைய நீங்க எப்பவாச்சும் சுத்தம் பண்ணீங்களா?"

"நீங்க ஊர்லேந்து வந்த அன்னைக்கே உதறுனேன் மதாம். ஒரு கருப்பு மணி விழுந்துச்சு, நல்லா வழவழன்னு. ஆசாரிகிட்ட கம்பி கட்டி வாங்கி பாப்பா அரைஞாண்ல கோத்துட்டேன். கடையில விக்கிறதெல்லாம் பிளாஸ்டிக்கு. நம்ம பாப்பாவ கண்ணு வைக்காத ஆளு உண்டா?"

கரீன் அதைத் தினமும் பார்த்தவள்தான். சோப்பு போடும்போது விரலில் தட்டுப்படும். எல்லாக் குழந்தை இடுப்பிலும் கிடக்கிற மணிதானே என்று விட்டுவிட்டாள். கசகஸ்தான் வரைக்கும் போய்ப் பார்த்தவள், பெற்ற பிள்ளையின் இடுப்பைப் பார்க்கவில்லை. அழக்கூட வெட்கமாக இருந்தது.

கயிற்றை அறுத்தாள். மணியை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து மொட்டைமாடி மூலையில் வைத்தாள். சென்னை மருத்துவர் திங்கள்கிழமை வரச் சொன்னார். அதுவரை அவளால் பொறுக்க முடியவில்லை. மறுநாள், கூரியரில் வந்த புதுப் பெட்டியைப் பிரித்து, மதியம் தூங்குகிற மகளின் முதுகுக்கடியில் பெரிய தாள் ஒன்றை உறையோடு செருகினாள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றைக் குளியலறையிலேயே வைத்தாள். மாதாவே, வெளுப்பாக வரட்டும்.

ஒரு மணி நேரம் கழித்து, தூக்கம் கலைக்காமல் உருவியெடுத்து மருந்தில் அமிழ்த்தினாள்.

கருத்தது.

மிளகளவில் இல்லை. முதுகெலும்பு. விலா. மடக்கிய முழங்கால். பத்து விரல்.

இன்னொரு தாளையும் மருந்தில் முக்கித் தூக்கினாள். வெளுப்பு. சுத்தமான வெளுப்பு.

கதவு தட்டும் சத்தம்.

"அம்மா."

சலோமி கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை.

"அம்மா, தூக்கு."

கரீன் கதவருகே குனிந்தாள். ஒரு கை கீழ்த் தாழ்ப்பாளில். மற்றக் கையிலிருந்த அந்த வெளுத்த ஈரத்தாள் கதவுப் பலகையில் ஒட்டிக்கொண்டது. திறக்கத்தான் போனாள்.

தாளில் இரண்டு சின்ன உள்ளங்கைகள் கருத்து எழுந்தன. ரேகை ரேகையாக.

வெளியே பிள்ளை அழத் தொடங்கியது. கரீன் தாழ்ப்பாளைத் திறந்துவிடாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.