ஓட்டுப் பெட்டிக்குள் தண்ணீர்

"நீங்க நிக்கணும்."

"எங்கே?"

"ஆட்சிக்குழு நாற்காலிக்கு."

"நாற்காலிக்கு யாராவது நிப்பாங்களா? உக்காரத்தானே செய்வாங்க."

"நின்னாத்தான் உக்கார விடுவாங்க. கடிக்காம பேரைக் கொடுங்க."

"நான் குழாய்க்காரன்மா. தண்ணி சத்தம் போட்டா எங்கே அடைப்புன்னு சொல்லிடுவேன். மனுஷங்க சத்தம் போட்டா எனக்குத் தலை சுத்தும். நீயே நில்லேன்."

"நான் நின்னா பாதிப் பேரு பயந்துக்கிட்டு ஓட்டுப் போடுவாங்க, மீதிப் பேரு பழிவாங்கப் போடமாட்டாங்க. உங்களை எல்லாருக்கும் பிடிக்கும்."

"உனக்கு?"

"முதல்ல பேரைக் கொடுங்க. அப்புறம் சொல்றேன்."

தட்டு கழுவிக்கொண்டே கணவனோடு நடந்த அந்தப் பேச்சு, ஆவண அறையின் வாசலில் நின்றபோது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் கல்லூரி விடுதியின் தலைமைச் சமையல்காரி. கொஞ்ச நேரம் பொறுப்பாள், அப்புறம் விசில் அடிப்பாள் என்பதால் எல்லோருக்கும் குக்கர் அக்கா. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாக ஆட்சிக்குழுவில் கடைநிலை ஊழியர்களுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. அதற்காக அவள் தோட்டம், நூலகம், வண்டிக் கொட்டகை என்று ஏறி இறங்கியிருந்தாள். "நாம ஓட்டுப் போட்டு என்னத்தைக் கிழிக்கப் போறோம்?" என்ற தோட்டக்காரரிடம், "கிழிக்க வேண்டாம், மடிச்சுப் போடுங்க, போதும்" என்றாள். நேற்று எல்லோரும் மடித்துப் போட்டுவிட்டார்கள்.

இன்று காலை எட்டரை மணிக்குப் பார்த்தால், ஆவண அறையில் பூட்டி வைத்திருந்த ஓட்டுப் பெட்டிக்குள் தண்ணீர். சீட்டுகள் கூழாகிக் கிடந்தன.

"குழாய் மூட்டு கசிஞ்சிருக்கு" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர், விட்டத்தைக் காட்டி. "போன வாரம் அதை ரிப்பேர் பண்ணினது யாரு? உன் வீட்டுக்காரன். ஒரு குழாயை ஒழுங்கா மாட்டத் தெரியாதவன் கல்லூரியை ஆளப் போறானாம். பத்து மணிக்குக் குழு கூடுது. அதுக்குள்ள ஆள் தேர்வாகலைன்னா அந்த இடம் ரத்து. அவனும் இன்னையிலிருந்து சஸ்பெண்ட்."

குழாய்க்காரர் சுவரோரமாக நின்றார். கையிலிருந்த திருகுச்சாவியை இறுக்கிப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளே ஆவி ஏறியது.

"பெட்டியை யாரும் தொடக்கூடாது" என்றாள்.

"விசாரிக்க நீ யாரு?"

"ஓட்டுப் போட்டவ."

கல்லூரி முதல்வர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். படபடவென்று பேசுகிற, ஆனால் காதுகொடுத்துக் கேட்கிற பெண்மணி. "பார்க்கட்டும் விடுங்க" என்றார் கண்காணிப்பாளரிடம். பிறகு அவளைப் பார்த்து, "இத்தனை வருஷத்துல உங்க பக்கத்துலேருந்து ஒரு குறைகூட என்கிட்ட வந்ததில்லை. எல்லாம் நல்லாத்தான் போகுதுன்னு இருந்தேன். திடீர்னு நாற்காலி வேணும்னீங்க, சரின்னேன். இப்ப இப்படி" என்று பெருமூச்சு விட்டார்.

ஒரு குறைகூட வந்ததில்லையா? கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனவர்கள்தானே எல்லோரும்! அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். முதலில் பெட்டி.

கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. மேல்மூடியில் சீட்டுப் போடும் பிளவு. பிளவைச் சுற்றி நாலைந்து துளிகள் இன்னும் ஈரமாக இருந்தன. பெட்டி நின்ற மேஜை பளபளவென்று காய்ந்திருந்தது. பெட்டிக்கு அடியில் நான்காக மடித்த ஒரு துணி, அடிமூட்டிலிருந்து கசிந்ததைக் குடித்து ஓரத்தில் மட்டும் நனைந்திருந்தது. தரை உலர்ந்து கிடந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறிக் குழாய் மூட்டைத் தடவினாள். பழைய உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கையில் ஈரம் ஒட்டவில்லை.

"காஞ்சிருக்கே."

"இப்ப நின்னிருக்கும்" என்றார் கண்காணிப்பாளர்.

"வந்த வேலை முடிஞ்சதுன்னு நின்னுடுச்சா? தரையில ஒரு சொட்டு விழல, மேஜையில விழல. பெட்டி வாயை மட்டும் குறிபார்த்து விழுந்திருக்கு. நல்ல படிச்ச தண்ணிதான்."

வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். முதல்வரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ யாரோ ஊத்தினதுன்னே வச்சுக்குவோம்" என்று கண்காணிப்பாளர் விடவில்லை. "இந்த அறைச் சாவி என்கிட்ட ஒண்ணு. கதவு திறக்கிறவர்கிட்ட ஒண்ணு. ரிப்பேருக்குன்னு வாங்கின உன் வீட்டுக்காரன்கிட்ட ஒண்ணு. தோத்துடுவோம்னு பயந்து அவனே ஊத்தியிருக்கலாமே?"

அவள் பெட்டியின் மூடியைக் கழற்றச் சொன்னாள். வராந்தா குழாயில் விரலை நனைத்து, மூடியின் ஒரு மூலையில் நாலு துளி தெளித்தாள். மூடியை அப்படியே வெயில் விழும் ஜன்னலில் வைத்தாள்.

"என்ன, வடகம் காயப்போடறியா?" என்றார் கண்காணிப்பாளர்.

"காயட்டும் சார். எது உப்புன்னு பார்ப்போம்."

ஒன்பது மணிக்கு அவள் வண்டிக் கொட்டகையில் இருந்தாள். பேருந்து ஓட்டுநர் பேட்டரி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"என்னண்ணே, காலையிலேயே கோபம்?"

"தினம் பேட்டரிக்கு ஏ.சி. தண்ணி எடுப்பேன். ராத்திரி பூரா சொட்டி வாளி நிறைஞ்சிருக்கும். இன்னைக்குப் போனா வாளி காலி. ஏசிக்கும் தாகம் எடுத்துடுச்சு போல."

"எந்த வாளி?"

"குழு கூடுற அறைக்குப் பின்னாடி பால்கனியில இருக்குமே, அதுதான். பக்கத்துக் கம்ப்யூட்டர் அறை ஏ.சி. ராத்திரியும் ஓடுமே."

"ராத்திரி யாராவது கொட்டியிருப்பாங்களோ?"

"கொட்டினா பால்கனி ஈரமா இருக்காது? தவிர, அந்தக் கதவை நம்ம தூது அண்ணன் வந்து திறந்தாத்தானே உண்டு."

தூது அண்ணன் முதல்வர் அறையின் உதவியாளர். விடியற்காலையில் வந்து எல்லா அறைகளையும் திறப்பவர். விடுப்பு, இடமாற்றம், குறை என்று எதுவானாலும் ஊழியர்கள் அவரிடம்தான் சொல்லி அனுப்புவார்கள். அவர் உள்ளே போய் வருவார். "மேடம் பார்க்கலாம்னாங்க" என்பார். அவ்வளவுதான்.

அவள் திரும்பி வரும் வழியில் கண்காணிப்பாளரின் அறையை எட்டிப் பார்த்தாள். மேஜை முழுக்கத் தேநீர்க் கோப்பையின் வட்ட வட்டக் கறைகள், கோப்புகளின் மேலும் கூட. அவளுக்கு மனசு கனத்தது. காலையிலிருந்து அவர்தான் என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி. குழு உறுப்பினர்கள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் அனுமதி கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ஊழியர்கள் கூட்டம். மூடியை மேஜையின் நடுவில் வைத்தாள்.

"மேடம், நீங்களே பாருங்க."

முதல்வர் குனிந்தார். ஒரு மூலையில் நாலு வெள்ளைத் திட்டுகள். பிளவைச் சுற்றி ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு.

"இந்த வெள்ளை நீங்க தெளிச்சது" என்றார் முதல்வர் மெதுவாக. "குழாய்த் தண்ணி. என் கெட்டிலுக்குள்ளயும் இப்படித்தான் படியுது. அப்போ பெட்டியில ஊத்தினது குழாய்த் தண்ணியே இல்லை."

"இல்லை. அடுப்படியில என் பானையிலேருந்தெல்லாம் தினமும் இந்த வெள்ளையைச் சுரண்டறேன். இந்தக் கல்லூரியில உப்பில்லாத தண்ணி ஏ.சி. வாளியில மட்டும்தான். இன்னைக்கு அது காலி. வராந்தா குழாயைத் திறந்தா காவலாளி எட்டிப் பார்ப்பாருன்னு, யாரோ வாளியை எடுத்திருக்காங்க. என் வீட்டுக்காரர்கிட்ட ஆவண அறைச் சாவிதான் இருக்கு. பால்கனிச் சாவி கிடையாது."

"என்கிட்ட இருக்கே" என்று கண்காணிப்பாளர் சீறினார். "என்னைச் சொல்றியா?"

"சொல்ல ஆசைதான் சார். ஆனா உங்களால முடியாது. பெட்டி ஒழுக ஆரம்பிச்சதும், பாலிஷ் போகுமேன்னு மேஜையைத் துடைச்சு, அடியில துணியை நாலா மடிச்சு வச்சிருக்காங்க. கசிவு மாதிரி காட்டணும்னா ஈரத்தை அப்படியே விட்டிருக்கணும். விட மனசு வரல. கை பழகிடுச்சு. உங்க மேஜையைப் பார்த்தா அது நீங்க இல்லைன்னு சின்னக் குழந்தையும் சொல்லும்."

எல்லோருடைய கண்ணும் முதல்வரின் முன்னாலிருந்த தேநீர்க் கோப்பைக்குப் போனது. அதன் அடியில் நான்காக மடித்த துணி.

கையில் தட்டோடு நின்ற தூது அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். தட்டுக்கு அடியிலும் கை தானாக ஒரு துணியைத் தள்ளியது.

"ஏண்ணே?" என்றாள் அவள். "நேத்து நீங்களும்தானே ஓட்டுப் போட்டீங்க?"

"போட்டேன் தங்கச்சி. உன் வீட்டுக்காரனுக்குத்தான் போட்டேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போனப்புறம்தான் உறைச்சுது. அவன் இங்க வந்து உக்காந்தா, 'நாங்க கேட்டதெல்லாம் என்ன ஆச்சு மேடம்'னு கேட்பான். மேடம் 'எதைக் கேட்டீங்க'ன்னு கேட்பாங்க."

அவர் முதல்வரின் பக்கம் திரும்பினார்.

"நான் எதையுமே சொன்னதில்லை. கதவைத் தள்ளி உள்ளே வந்ததும் நாக்கு ஒட்டிக்கும். தேநீரை வச்சுட்டு வெளியே போய், 'பார்க்கலாம்னாங்க'ன்னு சொல்லிடுவேன். ஒரு தடவை சொல்லிட்டேன், அப்புறம் அதுவே பழக்கமாச்சு. எல்லாரும் என்னைத் தேடி வந்தாங்க. அந்த மரியாதையை விட மனசு வரல."

முதல்வர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு குறைகூட வரலைன்னு காலையில சொன்னேனே" என்றார் தனக்குத்தானே.

"பார்த்தீங்களா!" கண்காணிப்பாளர் துள்ளினார். "அவங்க ஆளே அவங்க காலை வாரியிருக்கான். இவங்களை நம்பியா நாற்காலி?"

குக்கர் விசில் அடித்தேவிட்டது.

"எங்க ஆள் தப்புப் பண்ணினார். எங்க ஆளே கண்டுபிடிச்சோம். நீங்க எட்டரை மணிக்கே தீர்ப்பு எழுதிட்டீங்க. ஒருத்தர் வாய் பேசாம போனதுக்கு எங்க எல்லாருடைய வாயையும் தைப்பீங்களா? இனிமே எங்களுக்குத் தூது வேண்டாம். அதுக்குத்தான் இந்த நாற்காலி. சீட்டு கொண்டாங்க. இப்பவே, இங்கேயே, உங்க எல்லார் கண்ணு முன்னாடியும் மறுபடி போடறோம். தூது அண்ணனும் போடுவாரு. அவர் மேல என்ன நடவடிக்கையோ அதை அப்புறம் எடுங்க, ஓட்டைப் பிடுங்காதீங்க."

முதல்வர் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பவே இல்லை. "சீட்டு கொண்டாங்க" என்றார். "சஸ்பெண்டு உத்தரவையும் கிழிச்சுப் போடுங்க."

சீட்டுகள் வந்தன. மேஜையிலேயே எழுதினார்கள், மடித்தார்கள், ஒரு காலித் தட்டில் போட்டார்கள். பேராசிரியர்கள் எண்ணினார்கள். எதிர்த்து நின்ற நூலக உதவியாளர் தோற்றார், தோற்ற கையோடு வந்து குழாய்க்காரரின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

தூது அண்ணன் போகிற போக்கில் அவள் பக்கத்தில் நின்றார். "எல்லாரையும்விட அதிகமா சொல்லி அனுப்பினது உன் வீட்டுக்காரன்தான் தங்கச்சி. வருஷக்கணக்கா ஒரே விஷயம். தனக்காக இல்லை."

"என்ன விஷயம்?"

"அதையும் நானே சொல்லணுமா?" என்று தலைகுனிந்து போய்விட்டார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் இழுத்துப் போட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, திருகுச்சாவியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

"சொல்லுங்க" என்றார் முதல்வர். "முதல்ல உங்களதையே கேட்போம்."

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லோரையும் நேராகப் பார்த்துப் பேசினார்.

"விடுதிச் சமையல்கட்டுல வேலை செய்யற பொம்பளைங்களுக்குக் கழிப்பறை கிடையாது மேடம். மைதானம் தாண்டி நடக்கணும்னு இவ இருட்டுல வேலைக்கு வந்ததிலேருந்து வீடு திரும்புற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்லை. அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. இடத்தை மட்டும் காட்டுங்க, குழாயை நான் போட்டுக்கறேன். அவங்களுக்கு ஒரு கழிப்பறை வேணும்."