அவளே தைத்த கொக்கி

கட்டிலில் உட்கார்ந்து ஜாக்கெட்டின் முதல் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் தையல்காரி. வலது மணிக்கட்டில் கட்டு. உள்ளே நசுங்கிக் கிடந்த நரம்பை ஆபரேஷன் செய்து விடுவித்த டாக்டர், இன்று தையல் பிரிக்க வரச் சொல்லியிருந்தார். ஊருக்கெல்லாம் தைத்தவள், தன் தையலைப் பிரிக்கப் போக ஜாக்கெட் போட முடியாமல் முழித்தாள்.

அவள் வைக்கும் கொக்கி லேசில் கழலாது. லேசில் மாட்டவும் முடியவில்லை என்று முனகிய வாடிக்கைக்காரிகளை, உடம்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பியவள் அவள். அந்தப் பேச்செல்லாம் இப்போது வரிசையாக நினைவுக்கு வந்தது.

பஸ் ஓட்டும் கணவர் முயன்று பார்த்தார். எந்தச் சந்திலும் வண்டியைத் திருப்புகிறவர், முதல் கொக்கியை இரண்டாவது வளையத்தில் மாட்டிவிட்டு, கொஞ்சம் கோணல்தான், சேலை மறைத்துவிடும் என்று சமாதானம் சொன்னார். அவள் முறைத்த முறைப்பில் வெளியே போனவர், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மாடிப்படியடியில் நின்று குரல் கொடுத்தார்.

"சின்னவளே, அக்காவுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணும்மா."

தையல்காரிக்கு உடம்பே கூசியது. மாடியில் இருப்பது கொழுந்தன் பெண்டாட்டி. போன மழைக்காலத்திலிருந்து அவள் இந்த அறை வாசலை மிதிக்கவில்லை. வேலைக்குப் போன புதிதில், ஒரு ஜோடி கண்ணாடிக் கிண்ணம் வாங்கி, ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்து அக்கா கையில் வைத்தாள். அது அங்கேயே விழுந்து சுக்குநூறானது. தன் வேலையைப் பார்த்துப் பொறாமை, வேண்டுமென்றே போட்டுடைத்தாள் என்று அழுதுகொண்டே மாடியேறியவள்தான்.

அதற்குப் பிறகும் தட்டு, டம்ளர், கத்தரிக்கோல் என்று கையிலிருந்து எது விழுந்தாலும் வீடு அதைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டது. தையல்காரியும் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கோபத்துக்குப் பயந்து சட்டென்று வரும் காபியும் நின்றுவிடுமே...

கட்டுப் போட்ட நாளிலிருந்து சாப்பாடு ஹோட்டலில் இருந்து வருவதாகக் கணவர் சொன்னார். எந்த ஹோட்டல் மாடிப்படி வழியாகத் தூக்கில் அனுப்புகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் தொண்டையில் இறங்காதே.

சின்னவள் உள்ளே வந்தாள். குனிந்து கொக்கியைப் பிடித்தாள். கொக்கி முதுகுப்பக்கம் இருந்திருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டாம். முன்னால் வைத்துத் தைத்த புண்ணியவதியும் அவளேதான்.

"இந்தக் கை எப்பலேர்ந்து இப்படி?" சின்னவள் நிமிராமலே கேட்டாள்.

தையல்காரி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ அந்தக் கிண்ணத்தைக் குடுத்தியே... அதுக்கு முன்னாடியே. கையில எதாவது இருக்கா இல்லையான்னே தெரியலடி."

கொக்கியில் இருந்த விரல்கள் நின்றன.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"தையக்காரிக்குக் கை போச்சுன்னு எப்படிச் சொல்ல? திமிர் புடிச்சவன்னு பேர் வாங்குறது சுலபமா இருந்துச்சு... வெக்கமா இருக்குடி."

"எங்கம்மா வீட்ல, ஆபீஸ்ல, எல்லார்கிட்டயும் உங்களை ராட்சசின்னு சொல்லி வச்சிருக்கேனே, அக்கா... நான் மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்க?"

அக்கா தோளிலேயே கொண்டுவந்து வைத்தாள். தையல்காரி இடது கையால் அணைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையைத் தொங்கவிடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு; அது மட்டும் உயரத்தில் நின்றது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்த கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

"கையை இறக்கும்மா. பஸ் நின்னுடுச்சு."

அழுதுகொண்டே இருவரும் சிரித்தார்கள். சின்னவள் மாடிக்கு ஓடி, ஜோடியில் மிஞ்சிய கிண்ணத்தில் சுடச்சுடக் காபி கொண்டுவந்தாள். தையல்காரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி. இதுவும் போயிடும்."

"போனா போகுது. புடிங்க."

அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த விரல்களைக் கிண்ணத்தின் மேல் எடுத்து வைத்தாள் சின்னவள்.

"சுடுது," என்றாள் தையல்காரி.

சின்னவள் பதறிப்போய்க் கிண்ணத்தை இழுத்தாள்.

"எடுக்காதடி... இன்னும் கொஞ்சம் சுடட்டும்."