நல்ல பிரதி

கணவன் டோரு இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் அவனுடைய ஒலிப்பதிவில் நேற்று இருந்ததைவிட இன்று ஒரு இருமல் கூடியிருந்தது.

இலியானா மறுபடி போட்டுக் கேட்டாள். நவம்பர் மாதத்துப் பனிமூட்டம் ஜன்னலில் அப்பியிருந்தது, பக்கத்து ஃபிளாட்டிலிருந்து முட்டைக்கோஸ் ஊறுகாயின் புளிப்பு வாடை வந்தது, கீழே டிராம் போனபோது கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அதற்குப் பிறகும் மேஜைக்கடியில் டோருவின் பழைய கணினி மட்டும் முனகிக்கொண்டே இருந்தது.

அதிலிருந்த இயங்குதளம் யாருக்கும் இலவசம். அதை எழுதியவர்களுக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனம் கைமாறிவிட்டது. இனி அது இருக்குமா போகுமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டோரு அதைக் கட்டிக்கொண்டு அழுததெல்லாம் அதன் ஃபைல் சிஸ்டத்துக்காகத்தான். எதையும் இரண்டு டிஸ்க்குகளில் வைக்கும்; ஒன்றில் கெட்டால் மற்றதிலிருக்கும் நல்ல பிரதியைப் பார்த்துத் தானே சரிசெய்துவிடும். ஆஸ்பத்திரியில் அவன் கடைசியாகப் பேசியதெல்லாம் அதில்தான் இருந்தது. அவன் என்று அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

டோருவின் தம்பி சோரினுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அண்ணி, வேற சிஸ்டத்துக்கு மாறிடலாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே! டிஸ்க்க எடுத்துட்டு வாங்க, என் மெஷின்ல திறந்து பாக்கலாம்."

"திறக்காதுப்பா. டிஸ்க்க புதுப் பதிப்புக்கு ஏத்தவான்னு சிஸ்டம் கேட்டுச்சு. ஏத்திட்டேன். இனி வேற மெஷின்ல படிக்காதாம்."

"ஐயோ! ஏத்தினா இறக்க முடியாதே! கடைய மூடிட்டுப் போறவன் கடைசியா குடுத்தத யாராவது வாங்கிப் போடுவாங்களா? சரி, அந்த மெஷின் ஓடுறப்பவே வெளிய காப்பி எடுத்துடுங்க. இப்பவே."

எடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பதிவாக நகலாகும்போதும் திரையில் ஒரே வரி வந்தது: நல்ல பிரதியிலிருந்து சரிசெய்யப்படுகிறது. இருமல் கூடியது நினைவுக்கு வந்தது. ஏதோ ஒரு டிஸ்க் அவளுடைய டோருவைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. குனிந்து இரண்டாவது டிஸ்க்கை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். இனி பார்த்துச் சரிசெய்ய வேறு பிரதி இல்லை.

நல்ல பிரதியிலிருந்து சரிசெய்யப்படுகிறது.

எந்தப் பிரதியிலிருந்து? மடியிலிருந்த டிஸ்க்கின் சூடு ஆறவில்லை. வயர் இல்லை, மின்சாரம் இல்லை. உள்ளே ஏதோ சுழன்றது.

டிக். டிக்.

ஸ்பீக்கரில் டோரு இருமினான். பிறகு அவன் மூச்சு. அதன் பக்கத்தில் இன்னொரு மூச்சு. ஒவ்வொரு முறையும் முடிவில் மெல்லிய விசில்.

பனிக்காலத்தில் அவளுக்கு வரும் அதே விசில். அது அவளுடைய மூச்சு. அவள் குரலை அந்தக் கணினியில் யாரும் பதிவுசெய்ததே இல்லை.

சட்டென்று மூச்சை அடக்கினாள்.

ஸ்பீக்கரில் அது நிற்கவில்லை.

"பயப்படாத, இலியானா," என்றான் டோரு. "கெட்டது எதுன்னு அதுக்குத் தெரியும். உன் நல்ல பிரதி இங்கதான் இருக்கு."

எழுந்து ஓட நினைத்தாள். வாயைத் திறந்து காற்றை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள்.

ஸ்பீக்கரில் மட்டும் அவள் மூச்சு வந்துகொண்டிருந்தது. சீராக. நிதானமாக.